ரெண்டு ரோடு, ஒரே லோடு

பி.காம். படிக்கிறவனுக்கு நெட்வொர்க் புரோட்டோகாலில் என்ன வேலை என்று கேட்கக் காத்திருக்கும் நண்பர்களுக்கு முதலிலேயே பதில் சொல்லிவிடுகிறேன். இது கம்ப்யூட்டர் சயின்ஸ் கட்டுரை இல்லை. ஒரு நல்ல சரக்கை யாரோ கண்டுபிடிக்கிறார்கள். அது கடைசி வீடுவரை போய்ச் சேர எத்தனை வருஷம் ஆகிறது, ஏன் ஆகிறது என்பதுதான் மேட்டர். அது நம்ம சிலபஸில் இருக்கிறது. (மார்க்கெட்டிங் பேப்பர். பாதி வகுப்பு தூங்கியது. பரவாயில்லை, இப்போது விழித்துக்கொள்ளுங்கள்.)

சரக்கின் பெயர் மல்டிபாத் டி.சி.பி. யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம், திருத்தலாம், காசு கிடையாது. லினக்ஸுக்குள்ளேயே இருக்கிறது. ஒரே இணைப்பை ஒரே நேரத்தில் இரண்டு மூன்று வழிகளில் ஓட்டுவது அதன் வேலை.

மலைக்கு எத்தனை வழி?

மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு வர இரண்டு ரோடு. பர்லியாறு, குன்னூர் வழியாக ஒன்று. கோத்தகிரி வழியாக இன்னொன்று. மழைக்காலத்தில் ஒன்றில் மண் சரிந்தால் வண்டிகளை இன்னொன்றில் திருப்பி விடுவார்கள். 2009 நவம்பரில் பெய்த பேய்மழையில் நீலகிரி முழுக்க மண் சரிந்து நாற்பது பேருக்கு மேல் இறந்துபோனார்கள். வீட்டில் பெரியவர்கள் அதை இன்றைக்கும் தேதி மறக்காமல் சொல்வார்கள். மாற்றுவழி என்றால் என்ன என்று இந்த மலையில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

இன்டர்நெட்டுக்குத்தான் விளக்க வேண்டியிருந்தது.

வின்ட் செர்ஃப், பாப் கான் இருவரும் 1974இல் எழுதிய கட்டுரையிலிருந்து வளர்ந்தது டி.சி.பி. 1981இல் அது முறையான வடிவம் பெற்றது. அன்றைக்குக் கம்ப்யூட்டர் என்பது ஓர் அறையில் அசையாமல் நிற்கும் பீரோ மாதிரியான பொருள். அதற்கு ஒரே ஒரு கேபிள். அதனால் ஓர் இணைப்பை அடையாளம் காண நான்கு எண்கள் போதும் என்று வைத்தார்கள்: இந்தப் பக்க முகவரி, இந்தப் பக்கக் கதவு எண், அந்தப் பக்க முகவரி, அந்தப் பக்கக் கதவு எண். நான்கில் ஒன்று மாறினாலும் அது வேறு இணைப்பு.

இப்போது நம் பையில் இருக்கும் போனுக்கு இரண்டு கால். ஒன்று வைஃபை, ஒன்று மொபைல் டேட்டா. வைஃபையிலிருந்து டேட்டாவுக்குத் தாவினால் முகவரி மாறிவிடும். முகவரி மாறினால் இணைப்பு காலி. லோடு ஏற்றிய லாரி பர்லியாறில் நிற்கிறது. கோத்தகிரி ரோடு காலியாகக் கிடக்கிறது. ஆனால் பில்லில் ‘பர்லியாறு வழி’ என்று எழுதியிருப்பதால் லாரி மேட்டுப்பாளையத்துக்கே திரும்பிப் போய், லோடை இறக்கி, புது பில் போட்டு, மறுபடியும் முதலிலிருந்து மலை ஏற வேண்டும். இப்படி ஒரு சட்டத்தை நம் ஊர் லாரி டிரைவரிடம் சொல்லிப் பாருங்கள், என்ன சொல்வார் என்று தெரியும் :-)

தங்கையின் விண்ணப்பம்

எங்கள் வீடு கோத்தகிரியிலிருந்து கொஞ்சம் கீழே, தேயிலைக்கு நடுவில். ஃபைபர் கேபிள் கம்பத்துக்குக் கம்பம் தொங்கிக்கொண்டு சில்வர் ஓக் மரங்களுக்கு இடையே வருகிறது. ஆடிக் காற்றில் மரம் ஆடும்போது கேபிளும் ஆடும், வைஃபையும் ஆடும். மொபைல் சிக்னல் வீட்டின் பின்பக்கம் மட்டும். மேகம் இறங்கினால் அதுவும் வந்து வந்து போகும்.

போன வருஷம் ஆடியில் என் தங்கை ஒரு கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பித்தாள். வருமானச் சான்றிதழ் கைக்கு வந்ததே கடைசி நாள் காலையில். எல்லாச் சான்றிதழையும் ஸ்கேன் செய்து ஒரே கோப்பாக ஏற்ற வேண்டும். பாதி ஏறும், வைஃபை போகும். போன் தானாக டேட்டாவுக்கு மாறும். பூஜ்யத்திலிருந்து ஆரம்பம். முக்கால்வாசி ஏறும், வைஃபை உயிர் பெற்றுவிடும். போன் சமர்த்தாகத் திரும்ப வைஃபைக்கு மாறும். மறுபடியும் பூஜ்யம். மாலை ஆறு மணிக்குப் பக்கத்தை மூடிவிட்டார்கள். அந்த வருஷ ஃபீஸுக்கு அப்பா பச்சை இலை போடும் ஃபேக்டரியில் முன்பணம் வாங்கினார். அது தீர எத்தனை மாத இலை போட வேண்டும் என்ற கணக்கு எங்கள் வீட்டு காலண்டரில் இருக்கிறது.

அன்றைக்கு நான் கவனித்தது ஒன்றுதான். இரண்டு இணைப்பும் சேர்ந்து செத்த நிமிஷம் ஒன்றுகூட இல்லை. எப்போதும் ஏதாவது ஒன்று உயிரோடு இருந்தது. ரோடு இருந்தது. சட்டம்தான் தடுத்தது. இதற்கு மருந்து இல்லையா என்று தேடிப் போனபோது கண்ணில் பட்டதுதான் மல்டிபாத் டி.சி.பி.

தலைமை அலுவலகமும் கிளைகளும்

இதன் உள்வேலையைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. நாம் கிளைக் கணக்கில் படித்ததேதான்.

ஒரு கம்பெனிக்குக் குன்னூரில் ஒரு கிளை, கோத்தகிரியில் ஒரு கிளை. ஒவ்வொரு கிளையும் தன் வவுச்சர்களுக்குத் தன்னுடைய வரிசை எண் போட்டுக்கொள்ளும். தலைமை அலுவலகம் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு பொது வரிசை எண் வைத்திருக்கும். குன்னூரின் 14ஆம் வவுச்சர், பொதுப் பேரேட்டில் 87ஆம் எண் என்று எழுதி வைப்பார்கள். மல்டிபாத் டி.சி.பி.யும் அப்படித்தான். ஒவ்வொரு வழிக்கும் ஒரு வரிசை எண், மொத்தத் தகவலுக்கு வேறொரு வரிசை எண், இரண்டையும் இணைக்க ஒரு குறிப்பு. குன்னூர் வழியில் போன கட்டு வந்து சேரவில்லையென்றால், அதே பொது எண்ணோடு கோத்தகிரி வழியில் ஒரு நகல் போகும். தலைமை அலுவலகம் ‘பெற்றுக்கொண்டேன்’ என்று சொல்லும்வரை அனுப்பியவர் அசலைக் கிழிப்பதில்லை.

வழி திறப்பதற்கும் முறை உண்டு. முதல் வழியில் கைகுலுக்கும்போதே இரண்டு பக்கமும் சாவிகளைப் பரிமாறிக்கொள்ளும். பின்னால் வேறொரு முகவரியிலிருந்து ‘நானும் அதே ஆள்தான், என்னையும் சேர்த்துக்கொள்’ என்று ஒரு வழி வந்தால், சாவியை வைத்துக் கணக்கிட்ட ஒரு முத்திரையைக் காட்ட வேண்டும். யார் வேண்டுமானாலும் நடுவில் புகுந்துவிட முடியாது.

புத்திசாலித்தனம் மட்டும் போதாது

இந்த யோசனை புதிதல்ல. எஸ்.சி.டி.பி. என்று ஒன்று 2000இலேயே வந்துவிட்டது. பல முகவரிகளைத் தாங்கும், அழகான வடிவம். தொலைபேசிக் கம்பெனிகளின் உள்வேலைக்கு நன்றாகவே பயன்பட்டது. வீட்டுக்கு வரவில்லை. காரணம், வழியில் இருக்கும் பெட்டிகள். வீட்டு ரவுட்டர், ஃபயர்வால் எல்லாம் டி.சி.பி., யு.டி.பி. இரண்டை மட்டும் பார்த்துப் பழகியவை. தெரியாத முகம் வந்தால் செக்போஸ்ட்டில் இறக்கிவிட்டுவிடும். போதாததற்கு ஒவ்வொரு மென்பொருளையும் திருத்தி எழுத வேண்டும்.

மல்டிபாத் டி.சி.பி.யை வடிவமைத்தவர்கள் இந்தப் பாடத்தை மனப்பாடம் செய்தவர்கள். 2011இல் வந்த அதன் கட்டமைப்பு ஆவணத்தில் ஆலன் ஃபோர்டு, காஸ்டின் ராய்ச்சு, மார்க் ஹாண்ட்லி இவர்களோடு ஜனார்தன் ஐயங்கார் என்ற பெயரும் இருக்கிறது. எஸ்.சி.டி.பி.யில் பல வழிகளில் ஒரே நேரத்தில் அனுப்புவதை ஆராய்ந்து முனைவர் பட்டம் வாங்கியவர் அவர். தோற்ற கடையின் கணக்குப்பிள்ளையே புதுக்கடையிலும் உட்கார்ந்தால் எவ்வளவு நல்லது பாருங்கள்.

அவர்கள் எடுத்த முடிவு: வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு இது சாதாரண டி.சி.பி. மாதிரியே தெரிய வேண்டும். புதிய தகவலெல்லாம் டி.சி.பி.யில் ஏற்கனவே இருக்கும் ‘விருப்பக் குறிப்பு’ இடத்தில்தான் போகும். வழியில் ஒரு பெட்டி அந்தக் குறிப்பைக் கிழித்துப் போட்டாலோ, எதிர்முனைக்கு இந்தப் பாஷை தெரியாவிட்டாலோ, சத்தம் போடாமல் பழைய டி.சி.பி.யாக மாறி வேலையைத் தொடர வேண்டும். சேர்ந்தால் லாபம், சேராவிட்டால் நஷ்டமில்லை. எந்தப் புதுச் சரக்குக்கும் இதைவிட நல்ல ஆரம்பச் சலுகை கிடையாது.

ஆனால் நஷ்டமில்லை என்று சொல்வது சுலபம். இரண்டு வழி சில நேரம் ஒரு வழியைவிட மோசமாகும். வேகமான ரோட்டில் 88 முதல் 120 வரை வந்து இறங்கிவிட்டன. 87 மட்டும் மெதுவான ரோட்டில் வளைவு வளைவாக ஏறிக்கொண்டிருக்கிறது. 87 வராமல் எதையும் பிரிக்க முடியாது. குடோன் நிரம்பிவிடும், வேகமான ரோடும் நிற்கும். இதற்கு 2012இல் ராய்ச்சு குழு சொன்ன வைத்தியம்: 87இன் நகலை வேகமான ரோட்டில் உடனே அனுப்பு, தாமதப்படுத்திய ரோட்டுக்கு லோடைக் குறை. (நம் ஆபீஸ்களில் தாமதமாக வருபவனுக்குத்தான் வேலை குறைவு. இங்கேயும் அதேதான். ஹி ஹி.)

இன்னொன்று நியாயம். ஒரே வீட்டிலிருந்து இரண்டு பேர் ஒரே ரேஷன் வரிசையில் நின்று இரட்டைப் பங்கு வாங்கக்கூடாது. இரண்டு வழியும் நடுவில் ஒரே நெரிசலான பாதையில் சேர்ந்தால், இரண்டும் சேர்ந்து ஓர் இணைப்பின் பங்கை மட்டும் எடுக்க வேண்டும் என்பதற்கு 2011இல் தனி விதியே எழுதினார்கள்.

சாதனையும் சராசரியும்

2013ஆம் வருஷம் இரண்டு விஷயம் நடந்தது. பெல்ஜியத்தில் லூவான்-லா-நோவ் நகரப் பல்கலைக்கழகத்தில் ஒலிவியே போனவென்சூர் குழு, தலா 10 ஜிகாபிட் உள்ள ஆறு கேபிள்களைச் சேர்த்து, ஒரே இணைப்பில் நொடிக்கு 51.8 ஜிகாபிட் ஓட்டிக் காட்டியது. உலகமே கைதட்டியது. அதே வருஷம் செப்டம்பரில் ஐ.ஓ.எஸ். 7 வந்தபோது ஆப்பிள் தன் சிரியில் சத்தமில்லாமல் மல்டிபாத் டி.சி.பி.யைப் போட்டது. வீட்டிலிருந்து தெருவுக்கு நடந்துகொண்டே சிரியிடம் கேள்வி கேட்டவர்களில் யாருக்கும் இப்படியொரு வஸ்து இருப்பதே தெரியாது.

என்னைக் கேட்டால் இரண்டாவதுதான் பெரிய விஷயம். தெரியாமலே வேலை செய்வதுதான் பயன்பாட்டு எளிமையின் உச்சம். நம் வீட்டுக் குழாயில் தண்ணீர் எந்த டேங்கிலிருந்து வருகிறது என்று கேட்டுவிட்டா குடிக்கிறோம்?

லினக்ஸில் நிலைமை வேறு. பல வருஷம் இது கெர்னலுக்கு வெளியே, தனிக் கிளையாகத்தான் கிடந்தது. வேண்டுமென்றால் தனிக் கெர்னலை இறக்கி நிறுவ வேண்டும். வழித்தட அட்டவணைகளைக் கையால் எழுத வேண்டும். ஆராய்ச்சி மாணவர் செய்வார், என் தங்கை செய்வாளா? கடைசியில் 2020 மார்ச்சில், புதிய பதிப்புக்கான தர ஆவணமும் வந்தது, லினக்ஸ் 5.6 கெர்னலுக்குள்ளேயே அது நுழையவும் செய்தது. அந்த வாரம்தான் இங்கே ஊரடங்கு. நான் ஒன்பதாம் வகுப்பு. அடுத்த வருஷம் முழுக்கத் தேயிலைக்கு மேலே ஒரு பாறையில் ஏறி நின்று, சிக்னல் பிடித்துப் பாடம் கேட்டோம். நமக்குத் தேவைப்பட்ட மருந்து உலகத்தின் இன்னொரு மூலையில் அதே வாரம் அலமாரியில் ஏறியது என்று இப்போது தெரிந்து என்ன செய்ய?

கெர்னலுக்குள் வந்த பிறகு நடந்த வேலைகளைத்தான் நான் ரசித்துப் படித்தேன். ஒன்றுமே கைதட்டல் வாங்கும் ரகம் இல்லை. புதிய முகவரியை அறிவிக்கும் செய்தி வழியில் தொலைந்தால்? புதுப்பதிப்பில் எதிர்முனை ‘கேட்டது’ என்று திருப்பிச் சொல்ல வேண்டும். வழிகளைக் கையால் எழுதும் தொல்லை? 2022இலிருந்து நெட்வொர்க்மேனேஜர் அதைத் தானே அமைக்கிறது. டேட்டா பேக் தீர்ந்துவிடும் என்ற பயமா? ஒரு வழியை ‘ஸ்டெப்னி’ என்று குறித்து வைத்தால், முதல் வழி சாகும்வரை அதைத் தொடாது. சில வலைகளில் மல்டிபாத் குறிப்பைப் பார்த்தாலே கட்டையே விழுங்கிவிடும் பெட்டிகள் இருந்தன. 2024 நவம்பரில் வந்த 6.12 கெர்னல் அதைக் கண்டுகொண்டால் கொஞ்ச நேரம் மல்டிபாத்தை நிறுத்திவிட்டுச் சாதாரண டி.சி.பி.யில் போகும். ஒவ்வொரு திருத்தத்தோடும் சோதனைகள். இவற்றைச் செய்பவர்களில் சிலருக்குப் பெரிய கம்பெனி சம்பளம். பராமரிப்பின் ஒரு பகுதிக்கு ஐரோப்பிய ஒன்றியப் பணத்தை என்.எல்.நெட் அறக்கட்டளை கொடுத்திருக்கிறது. ரோடு போடுகிறவனுக்குக் கல்வெட்டு. சாக்கடை அடைப்பை எடுக்கிறவனால்தான் மழையில் ரோடு நிற்கிறது.

நானும் ஒரு பழைய லேப்டாப்பும்

படித்தால் மட்டும் போதுமா? நண்பனின் பழைய லேப்டாப்பில் லினக்ஸ் போட்டேன். வீட்டு வைஃபை ஒரு பக்கம், யு.எஸ்.பி. வழியாக போன் டேட்டா இன்னொரு பக்கம். திட்டத்தாரே ஒரு சோதனைப் பக்கம் வைத்திருக்கிறார்கள். நீங்கள் மல்டிபாத்தில் வந்தீர்களா இல்லையா என்று ஒரே வரியில் சொல்லிவிடும். 2024இல் கர்ல் 8.9இல் இதற்கென்று ஒரு விருப்பத்தேர்வு வந்துவிட்டதால் இந்தச் சோதனை என் மாதிரி காமர்ஸ் ஆசாமிக்கும் கைக்கெட்டியது.

பிறகு மாத வாடகைக்கு ஒரு குட்டி சர்வர் எடுத்து அதிலும் மல்டிபாத்தைத் திறந்துவிட்டு, ஒரு பெரிய கோப்பை ஏற்றினேன். நடுவில் எழுந்து போய் வைஃபை ரவுட்டரின் பிளக்கைப் பிடுங்கினேன். எண் கொஞ்சம் தயங்கியது. பிறகு நகர்ந்தது. பூஜ்யத்துக்குப் போகவில்லை. தங்கை பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். “இது அன்னைக்கு இருந்திருந்தா?” என்று மட்டும் கேட்டாள்.

நேர்மையான பதில்: அவள் பக்கம் மட்டும் இருந்து பயனில்லை. கைகுலுக்க இரண்டு கை வேண்டும். விண்ணப்பம் வாங்கிய சர்வரிலும் இருந்திருக்க வேண்டும். விட்ட இடத்திலிருந்து ஏற்றும் வசதியை ஒவ்வொரு தளமும் தானே எழுதிக்கொள்ளலாம், எத்தனை பேர் எழுதுகிறார்கள்? க்விக் வந்துவிட்டதே என்று தெரிந்தவர்கள் கேட்பார்கள். 2021இல் தரமான அந்தப் புதிய புரோட்டோகால் முகவரி மாறினாலும் இணைப்பை விடாது, உண்மை. அதை எழுதிய இருவரில் ஒருவர் அதே ஜனார்தன் ஐயங்கார்தான். ஆனால் டி.சி.பி.யில் ஓடும் பழைய மென்பொருள் மலைபோல் இருக்கிறது. அதெல்லாம் நாளைக் காலையில் மாறிவிடாது.

சுவிட்ச் யார் கையில்?

லினக்ஸில் ஒரு மென்பொருள் இணைப்பு கேட்கும்போது ஓர் எண் கொடுக்கிறது. சாதாரண டி.சி.பி.க்கு 6. மல்டிபாத் வேண்டுமென்றால் 262. வித்தியாசம் அவ்வளவுதான். ஆனால் அந்த ஒற்றை எண்ணை ஒவ்வொரு மென்பொருளிலும் யாராவது உட்கார்ந்து மாற்ற வேண்டும். போனில் இல்லாதபோது சர்வர்காரர் எதற்கு மாற்ற வேண்டும்? சர்வரில் இல்லாதபோது போன்காரர் எதற்கு? முதலில் பணம் போடுகிறவனுக்கு லாபமே கிடையாது, கடைசியில் சேருகிறவனுக்குத்தான் முழு லாபம்.

இந்த முடிச்சை அவிழ்த்தது விளம்பரம் இல்லை, ஒரு இயல்புநிலை மாற்றம். கூகுளின் கோ மொழியில் 2023 ஆகஸ்டில், 1.21 பதிப்பில், கேட்டால் மல்டிபாத் கிடைக்கும் என்று வந்தது. 2025 பிப்ரவரியில் 1.24 பதிப்பில், லினக்ஸில் ஓடும் சர்வர் கேட்காமலே மல்டிபாத்துக்குக் கதவைத் திறந்து வைத்திருக்கும் என்று மாற்றிவிட்டார்கள். சர்வர் எழுதியவருக்கு இந்தப் புரோட்டோகாலின் பெயர்கூடத் தெரிந்திருக்க வேண்டாம். புதிய பதிப்பில் மறுபடி கட்டினாலே போதும். இதைத் துணிந்து செய்ய முடிந்ததற்குக் காரணம், எதிர்முனைக்குத் தெரியாவிட்டால் பழைய டி.சி.பி.யாகிவிடும் என்ற அந்த நம்பகம். நம்பகம் இருந்ததால் இயல்புநிலையாக்க முடிந்தது. இயல்புநிலையானதால்தான் எளிமை வந்தது.

51.8 ஜிகாபிட்டைவிட இந்த ஒற்றை வரி மாற்றம் என் தங்கைக்கு நெருக்கமானது. நல்ல ஃபைபரும் நல்ல சிக்னலும் உள்ள ஊர்க்காரர்கள் வேண்டியதைத் தேடி எடுத்துக்கொள்வார்கள். மலையில், காட்டோரத்தில், கடைசிக் கம்பத்தில் இருப்பவர்கள் எதையும் தேர்ந்தெடுக்கிற இடத்தில் இல்லை. தானாக வந்து சேர்வது மட்டும்தான் எங்களை வந்து சேரும்.

குன்னூர் தேயிலை ஏலம் இன்று கம்ப்யூட்டர் திரையில்தான் நடக்கிறது. ஏலம் கேட்பவரின் இணைப்பு பத்து நொடி போனால் ஒரு லாட் போனது போனதுதான். நம்மில் பலர் நாளைக்கு அப்படிப்பட்ட திரைகளின் முன்னால், வங்கியில், ஏஜென்சியில், ஆடிட்டர் ஆபீஸில் உட்காரப் போகிறோம். சிலர் சாஃப்ட்வேர் வாங்கும் கமிட்டியிலும் உட்காருவோம். விற்க வந்தவர் கலர் கலராகப் படம் காட்டி முடித்ததும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “பாதி வேலையில் ஒரு கேபிள் அறுந்தால் உங்கள் சரக்கு என்ன செய்யும்?” அவர் முகத்தைப் பார்த்தே பாதி பதில் தெரிந்துவிடும். மீதிக்கு அவர் கண் முன்னாலேயே பிளக்கைப் பிடுங்கிப் பாருங்கள்.